பெட்டியைத் திறந்தால்தான் தெரியும்

சிதம்பரத்திலிருந்து சேத்தியாத்தோப்பை நோக்கிச் செல்லும் பெருஞ்சாலையில், வயல் வேலைக்கு ஆள் ஏற்றிப் போகும் வண்டிகளும் பள்ளிக்கூடம் செல்லும் பிள்ளைகளும் கலந்து நெருக்கும் காலை ஏழரை மணி வேளையில், கீரப்பாளையத்துக் கடைத்தெருவில் தார்ப்பாய் நிழலின்கீழ்ப் பழக்கடை வைத்திருக்கும் ஓர் அம்மாள், முதல் நாள் இரவு வந்திறங்கிய ஆப்பிள் பெட்டியொன்றைக் கத்தியால் கீறித் திறந்தார். மேலடுக்கில் இருந்த பழங்கள் கல்யாண வீட்டுத் தட்டில் வைக்கத்தக்க மினுமினுப்போடு இருந்தன. அடுத்த அடுக்கை மூடியிருந்த அட்டையைத் தூக்கியதும், மழையில் நனைந்த கோணிச் சாக்கிலிருந்து எழுவதைப் போன்ற ஒரு வாடை மேலே வந்தது. ஐந்தாறு பழங்களின் கன்னத்தில், கட்டைவிரல் பதிந்தாற்போல் பழுப்பு நிறத்தில் ஒரு வட்டம். வட்டத்தின் நடுவே வெண்மையாய்த் தொடங்கி நீலமாய் மாறிக்கொண்டிருக்கும் ஒரு பொடி.

“தொறந்தாத்தாங்க ஐயா தெரியும். தொறக்கற வரைக்கும் அது மண்டிக்காரரு சரக்கு, தொறந்துட்டா நம்ம சரக்கு,” என்று சொல்லிவிட்டு, அழுகியவற்றை ஒவ்வொன்றாக எடுத்து ஒரு பழைய கூடையில் போட்டார். அவர் குரலில் கோபம் இல்லை. வாரந்தோறும் நடப்பதற்குக் கோபப்பட்டுக்கொண்டிருக்க அவருக்கு நேரமும் இல்லை.

“ஏசி ரூமில் வைத்த பழமாயிற்றே, அது எப்படி அழுகும்?” என்று பக்கத்தில் நின்ற வாடிக்கையாளர் ஒருவர் கேட்டார். இந்தக் கேள்வி இப்போது எல்லாப் பழக்கடைகளிலும் கேட்கப்படுகிறது. பழத்தைக் குளிரறையில் வைத்துவிட்டால் காலமே அதன்மீது நகராமல் நின்றுவிடும் என்ற எண்ணம், வாங்குவோரிடம் மட்டுமல்லாமல், கிடங்கு கட்டக் கடன் கேட்போரிடமும், கட்டிய கிடங்கைத் திறந்துவைக்க வருவோரிடமும் வேரூன்றியிருக்கிறது. இக்கட்டுரை அந்த எண்ணத்தைச் சற்றே அசைத்துப் பார்க்க விரும்புகிறது.

குளிர் வாங்கித் தரும் வாய்தா

மரத்தை விட்டுப் பிரிந்த பிறகும் பழம் ஜீவனுள்ள பொருளே. அது சுவாசிக்கிறது, தன்னுள் சேர்த்துவைத்த சர்க்கரையைச் சிறுகச் சிறுக எரிக்கிறது, அந்த எரிப்பில் உஷ்ணத்தையும் ஈரத்தையும் வெளிவிடுகிறது. உஷ்ணம் பத்து டிகிரி ஏறுந்தோறும் இந்தச் சுவாசம் இரு மடங்கு, சில பழங்களில் மூன்று மடங்குகூட, வேகம் கொள்கிறது. பத்து டிகிரி இறங்கினால் அதே விகிதத்தில் தணிகிறது. குளிர்பதனத்தின் சூட்சுமம் இவ்வளவே.

பழத்தின் சுவாசத்தைத் தணிக்கும் குளிர், அதன்மீது குடியேறிய பூசணத்தின் வளர்ச்சியையும் தணிக்கிறது, ஆனால் கொல்வதில்லை. ஆப்பிளில் நீலப் பூசணத்தை உண்டாக்கும் பெனிசிலியம் எக்ஸ்பான்சம், சாம்பல் பூசணத்தை உண்டாக்கும் பொட்ரைட்டிஸ் ஆகிய இரண்டும் பூஜ்ய டிகிரியிலும் மெல்ல மெல்ல வளரக்கூடியவை. வழக்குக்குக் குளிர் வாய்தா வாங்கித் தருகிறதே ஒழிய, விடுதலை வாங்கித் தருவதில்லை.

இந்த வித்தை நமக்குப் புதிதும் அன்று. பாஸ்டன் நகரத்து பிரெடரிக் டியூடர் என்னும் வியாபாரி, ஏரிகளில் உறைந்த பனிக்கட்டியை மரத்தூளில் பொதிந்து 1833-ல் கல்கத்தாவுக்கு அனுப்பினார். அவருடைய பனிக்கப்பல்களில் ஆப்பிள் பழங்களும் வந்தன. சென்னைக் கடற்கரையில் 1842-ல் அவர் பனிக்கட்டிக்காகக் கட்டிய ஐஸ் ஹவுஸ், 1897-ல் விவேகானந்தர் தங்கியதனால் இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. முதல் உலகப்போர்க் காலத்தை ஒட்டி, இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் பிராங்கிளின் கிட், சிரில் வெஸ்ட் என்னும் இருவர், அறையின் குளிரை மட்டுமன்றிக் காற்றையும் மாற்றினால் பழம் இன்னும் நீண்ட நாள் நிற்கும் என்று ஆராய்ந்தறிந்தார்கள். சாதாரணக் காற்றில் 21 சதவீதம் இருக்கும் பிராணவாயுவை இரண்டு மூன்று சதவீதமாகக் குறைத்து, அறையைக் காற்றுப் புகாமல் மூடிவைக்கும் அம்முறையில்தான் இன்று இமாசலத்து ஆப்பிள் பல மாதங்கள் உறங்கிக் கிடக்கிறது. ஆவணியிலும் புரட்டாசியிலும் பறித்த பழத்தைக் கீரப்பாளையத்தில் சித்திரை வெயிலில் நாம் கடித்துத் தின்பது இந்த உபாயத்தினால்தான்.

[பெட்டிச் செய்தி]
எந்தப் பழத்துக்கு எவ்வளவு குளிர்?
திராட்சை: பூஜ்ய டிகிரியை ஒட்டி
ஆப்பிள்: 0 முதல் 4 டிகிரி, ரகத்தைப் பொறுத்து
கொய்யா: 8 முதல் 10 டிகிரி
மா: 12 முதல் 13 டிகிரி
பலா: சுமார் 13 டிகிரி
வாழை: 13 முதல் 14 டிகிரி
(எல்லாம் சென்டிகிரேட் அளவு. பெரும்பாலான பழங்களுக்குக் காற்றின் ஈரப்பதம் 85 முதல் 95 சதவீதம் வரை தேவை.)

அழுகல் குடிபுகும் இடம்

குளிரறையில் அழுகல் வெளிப்படுகிறது. பிறப்பது அங்கே அன்று. அது பழத்துக்குள் புகும் வழிகள் இரண்டு. ஒன்று, காயத்தின் வழி. ஆப்பிளைப் பறிக்கும்போது நகம் பட்ட கீறல், பக்கத்துப் பழத்தின் காம்பு குத்திய துளை, கூடையிலிருந்து பெட்டிக்குக் கொட்டும்போது கன்றிய இடம் — இவற்றில் ஏதேனும் ஒன்று போதும், காற்றிலும் கழுவும் நீரிலும் மிதந்து திரியும் நீலப் பூசணத்தின் வித்து உள்ளே இறங்குவதற்கு.

இரண்டாவது வழி இன்னும் தந்திரமானது. மாமரம் பூத்துப் பிஞ்சு விடும் காலத்தில் ஒரு மழை பெய்தால், கொலெட்டோட்ரிக்கம் என்னும் பூசணத்தின் வித்துக்கள் நீர்த்துளியோடு பிஞ்சின் தோலில் ஒட்டிக்கொண்டு, தோலைத் துளைக்கும் ஓர் உறுப்பை மட்டும் வளர்த்துக்கொண்டு, அதற்கு மேல் ஒன்றும் செய்யாமல் வாரக்கணக்காகக் காத்திருக்கின்றன. காயின் தோலில் பூசணத்தை அடக்கும் இயற்கையான இரசாயனப் பொருள்கள் இருப்பதால், காய் காயாக இருக்கும்வரை அதனால் நகர முடிவதில்லை. பழம் பழுக்கப் பழுக்க அந்தக் காவல் தளர்கிறது, கரும்புள்ளிகள் கிளம்புகின்றன. தோட்டத்தில் பார்த்தவர் குற்றமற்ற காய் என்பார். கிடங்கில் பார்த்தவர் குற்றமற்ற காய் என்பார். கடையில் வாங்கியவர் வீட்டுக்குப் போய் ஏசுவார். மூவர் சொல்வதும் உண்மையே.

வாழைக்கு வந்தால், கத்தியைப் பற்றிப் பேச வேண்டும். தாரிலிருந்து சீப்பை அறுத்தெடுத்த இடத்தில் பச்சைப் புண்ணொன்று ஏற்படுகிறது, பால் வடிகிறது. காலையிலிருந்து மாலைவரை ஒரே கத்தி, ஒருமுறையும் கழுவப்படாமல், நோயுள்ள தாரையும் நோயற்ற தாரையும் அறுக்கிறது. அந்தப் புண்ணில் புகும் பூசணங்கள் ஒன்றல்ல, ஒரு கூட்டம். அவை காம்பைக் கருக்கி, அங்கிருந்து பழத்துக்குள் இறங்கும்போது, சீப்பைக் கையில் எடுத்தால் பழங்கள் தாமாகவே கழன்று விழுகின்றன. கூர்மையான கத்தியால் ஒரே வெட்டாக வெட்டி, பால் வடிந்து முடியும்வரை சுத்தமான நீரில் கழுவி, காய்ந்த பூ நுனியைக் கிள்ளியெறிந்துவிட்டு அடுக்கினால் இந்தக் காம்பழுகலில் பெரும்பங்கு வராமலே போகும். 1993-ல் திருச்சியில் தொடங்கப்பட்ட தேசிய வாழை ஆராய்ச்சி மையம் போன்ற நிலையங்கள் தரும் பயிற்சிகளில் சீப்பு வெட்டுவதும் கழுவுவதும் ஒரு பாடமாகவே இருக்கின்றன என்பதை, யந்திரங்களில் மட்டும் நம்பிக்கை வைப்போர் கவனிக்க வேண்டும்.

பண்ருட்டிப் பலாவின் கதை இதைவிடப் பருமனானது. நமது கடலூர் மாவட்டத்துக்குப் புகழ் தேடித் தந்த அந்தப் பழம், பிஞ்சாக இருக்கும்போதே ரைசோபஸ் பூசணத்தால் கருத்து உதிர்வதுண்டு. அதற்குத் தப்பிப் பெருத்த பழத்தைக் கயிறு கட்டி மெதுவாக இறக்குவதா, காம்பை அறுத்துக் கீழே விழவிடுவதா என்பதில்தான் அதன் பிற்கால ஆயுள் அடங்கியிருக்கிறது. முள்ளுத் தோலுக்கு அடி படாது என்று நினைப்பவர்கள், விழுந்த பழத்தை நான்கு நாள் கழித்துப் பிளந்து பார்க்க வேண்டும்; விழுந்த பக்கத்துச் சுளை பழுப்பேறிக் கொழகொழத்துக் கிடக்கும். 2011 டிசம்பர் 30-ஆம் தேதி கரை கடந்த தானே புயல், இந்த மாவட்டத்தில் பலாவையும் முந்திரியையும் ஆயிரக்கணக்கில் வேரோடு சாய்த்ததை நினைவில் வைத்திருப்போருக்கு, மீண்டும் நட்டு வளர்த்த மரத்தின் பழத்தைக் கவனக் குறைவினால் இழப்பது எப்படிப்பட்டது என்று சொல்ல வேண்டியதில்லை.

நம் பழங்களுக்குக் குளிரும் பகையே

ஆப்பிளும் திராட்சையும் பனியைக் கண்டு அஞ்சாதவை. வாழையும் மாவும் பலாவும் உஷ்ண தேசத்துப் பிரஜைகள். பன்னிரண்டு, பதின்மூன்று டிகிரிக்குக் கீழே அவற்றின் திசுக்கள் நிலைகுலைகின்றன. வீட்டுக் குளிர்பதனப் பெட்டியில் வாழைப்பழத்தை வைத்துத் தோல் கருத்துப்போனதைப் பார்த்திராத குடும்பம் இருக்க முடியாது. பெரிய கிடங்கில் நடப்பதும் அதுவே, அளவு மட்டும் பெரிது. குளிரால் புண்பட்ட தோல், பூசணத்தைத் தடுக்கும் சக்தியை இழந்துவிடுகிறது. அழுகலைத் தடுக்கப் போய் அழுகலுக்கே கதவைத் திறந்துவிடும் விபரீதம் இவ்வாறு நேருகிறது.

நம் நாட்டுக் குளிர்பதனக் கிடங்குகளின் பெரும்பகுதி, உருளைக்கிழங்கை மனத்தில் வைத்துக் கட்டப்பட்டது. ஒரே அறையில் ஒரே குளிரில் எல்லாவற்றையும் அடைத்துவைப்பது சர்வ சாதாரணம். ஆப்பிளும் பழுத்த மாம்பழமும் எத்திலீன் என்னும் வாயுவை வெளியிட்டுக்கொண்டே இருக்கும். அது பக்கத்தில் இருக்கும் வாழைக்காயைக் காலத்துக்கு முன்பே பழுக்கவைக்கும். பழுத்தது பூசணத்துக்கு இரையாகும். அறை ஒன்று, பழம் ஐந்து என்றால், ஐந்தில் ஒன்றுக்காவது அந்த அறை சிறைச்சாலைதான்.

பழம் வேர்க்கும் நேரம்

கீரப்பாளையத்துக் கடைக்காரரின் நஷ்டம் உண்மையில் எந்தக் கணத்தில் நிகழ்கிறது என்று கேட்டால், லாரியின் கதவு திறக்கும் கணத்தில் என்பதே என் அபிப்பிராயம். கடலுக்கு அணித்தான நம் பகுதியின் காற்று எந்நேரமும் ஈரம் சுமந்தது. குளிரறையிலிருந்து நேரே இந்தக் காற்றுக்கு வரும் பழத்தின் மேனியில், குளிர்ந்த தண்ணீர்ச் செம்பின் வெளிப்புறத்தில் அரும்புவது போலவே, நீர்த்துளிகள் அரும்புகின்றன. பழம் ‘வேர்க்கிறது’ என்று வியாபாரிகள் அழகாகச் சொல்கிறார்கள். பூசண வித்து முளைவிடுவதற்குத் தேவையானவை இரண்டே: உஷ்ணம், ஈரம். குளிரறையில் இத்தனை நாள் வாய்தாவில் இருந்த வழக்கு, இந்த வேர்வையில் ஒரே இரவில் தீர்ப்புக்கு வந்துவிடுகிறது. அந்தத் தீர்ப்பு எப்போதும் சங்கிலியின் கடைசியில் நிற்பவர் தலையில்தான் விழும். தோட்டக்காரர் விற்றுவிட்டார், கிடங்குக்காரர் வாடகை வாங்கிவிட்டார், மண்டிக்காரர் தரகு எடுத்துவிட்டார். பெட்டியைத் திறந்தவருக்கு முறையிட இடமில்லை.

படிப்படியாகக் குளிரைக் குறைத்து, மூடிய பெட்டியை நிழலில் சில மணி நேரம் வைத்திருந்து, பழம் வெளியுஷ்ணத்தை எட்டிய பிறகு திறந்தால் இந்த வேர்வையைப் பெரிதும் தவிர்க்கலாம். காசு செலவில்லாத உபாயம். பொறுமை மட்டும் செலவாகும். பின்னிரவில் வரும் சரக்கை விடியுமுன் இறக்கிவிட வேண்டிய அவசரத்தில் இருப்பவர்களிடம் அதைக் கேட்பது எளிதன்று என்பதையும் அறிவேன்.

[பெட்டிச் செய்தி]
அறுவடைக்குப் பின் எவ்வளவு போகிறது?
இந்திய வேளாண் ஆராய்ச்சி மன்றத்தைச் சேர்ந்த லூதியானா நிலையம் 2015-ல் வெளியிட்ட மதிப்பீடு:
கொய்யா 15.88 சதவீதம்
ஆப்பிள் 10.39 சதவீதம்
மா 9.16 சதவீதம்
திராட்சை 8.63 சதவீதம்
வாழை 7.76 சதவீதம்

மேடைதோறும் ‘நாற்பது சதவீதம் வீணாகிறது’ என்று முழங்குவோர் இந்த எண்களைப் பார்த்து ஏமாற்றமடையக் கூடும். எண் சிறிதாயிற்றே என்று நாம் ஆறுதல் அடைவதற்கும் இடமில்லை. இந்தியாவின் வாழை விளைச்சல் ஆண்டுக்கு 3 கோடி டன்னுக்கு மேல். 3 கோடி என்றே வைத்துக்கொண்டாலும், 7.76 சதவீதம் என்பது 23 லட்சம் டன். தண்ணீரும் உரமும் கூலியும் டீசலும் மின்சாரமும் செலவிட்டு விளைவித்து, குப்பைக்கு அனுப்பிய பழம் அது.

நஷ்டத்தைவிடப் பெரிய விஷயம் ஒன்றும் உண்டு. நீலப் பூசணம் படிந்த ஆப்பிளில் பாட்டுலின் என்னும் நஞ்சு உருவாகிறது. ஆப்பிள் சாற்றில் கிலோவுக்கு 50 மைக்ரோகிராமுக்கு மேல் அது இருக்கலாகாது என்று சர்வதேச உணவு விதிகள் வரையறுத்திருக்கின்றன. கொதிக்கவைப்பதால் அது முழுதும் அழிவதில்லை; அழுகிய பகுதியைச் சுற்றியுள்ள நல்ல சதைக்குள்ளும் ஊறிப் பரவக்கூடியது. ‘கெட்டதை வெட்டிவிட்டு மீதியைச் சாறு பிழியலாம்’ என்ற சிக்கனம், குழந்தைகள் உள்ள வீட்டில் வேண்டாத சிக்கனம். அந்த அம்மாள் அழுகிய பழங்களைக் கூடையில் போட்டபோது, “அத வெட்டி ஜூஸ் கடைக்குக் குடுத்துடுவாங்க சில பேரு, நான் செய்யறதில்ல,” என்றார். அவர் பாட்டுலினைப் பற்றிப் படித்தவர் அல்லர்.

பரிகாரங்கள்: வெந்நீர் முதல் புல்வாசனை வரை

பல காலம் உலகம் நம்பியிருந்த பரிகாரம் பூசணக்கொல்லி. பென்சிமிடசோல் வகை மருந்துகள் 1960-களின் இறுதியில் வந்தபோது, அழுகல் ஒழிந்தது என்றே பலரும் எண்ணினார்கள். 1970-களிலேயே அவற்றுக்கு அஞ்சாத பூசண வம்சங்கள் கிடங்குகளில் தோன்றிவிட்டன. மருந்தின் மிச்சம் பழத்தில் இருந்தால் வெளிநாட்டுத் துறைமுகத்தில் சரக்கு திரும்பிவிடும். ஏற்றுமதித் திராட்சைப் பெட்டியில் வைக்கும் கந்தக டையாக்சைடு அட்டை இன்றும் பயன்படுகிறது. திராட்சைக்கு அது பொருந்தும், எல்லாப் பழத்துக்கும் பொருந்தாது.

மாம்பழத்துக்கோ, வெந்நீரே மருந்து. 52 டிகிரி வெந்நீரில் ஐந்து முதல் பத்து நிமிஷம் முக்கியெடுத்தால், தோலுக்கடியில் காத்திருக்கும் கொலெட்டோட்ரிக்கம் பெரும்பாலும் செத்துப்போகும், பழத்துக்குக் கேடில்லை. ஐந்தாறு டிகிரி கூடினால் பழம் வெந்துவிடும், குறைந்தால் பூசணம் பிழைத்துவிடும் என்பதால், கைவிரலை விட்டுப் பார்க்கும் வழக்கம் இங்கே உதவாது. ஒரு வெப்பமானி வேண்டும்.

அண்மைக் காலத்து முயற்சிகளில் தமிழ்நாட்டுக்குப் பங்குள்ளது ஒன்றைச் சொல்ல வேண்டும். புல்லை அறுத்தவுடன் எழும் பச்சை வாசனைக்குக் காரணமான பொருள்களில் ஒன்று ஹெக்ஸனால். பழத்தின் உயிரணுக்களைச் சூழ்ந்த மெல்லிய சவ்வைச் சிதைக்கும் நொதியை அது மட்டுப்படுத்துகிறது. சவ்வு தளராத பழம் கெட்டியாக நிற்கிறது, பூசணத்துக்கு எளிதில் இடம் தருவதில்லை. கனடாவின் குவெல்ப் பல்கலைக்கழகத்தோடும் இலங்கையின் தொழில்நுட்ப நிறுவனத்தோடும் சேர்ந்து, கோவை தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் கனடா அரசின் நிதியுதவியோடு 2012 முதல் இதை ஆராய்ந்தது. கிருஷ்ணகிரி மாந்தோப்புகளில் அறுவடைக்கு முன்பே தெளித்துப் பார்த்தார்கள். எல்லாக் காயும் ஒரே வாரத்தில் முற்றி, மண்டியில் விலை சரியும் மாவட்டத்தில், காயை மரத்திலேயே இன்னும் சில நாள் நிறுத்திவைக்க முடிவது சிறு லாபம் அன்று.

மின்சாரமே தேவைப்படாத குளிரறை ஒன்றும் உண்டு. செங்கல்லால் இரட்டைச் சுவர் எழுப்பி, இடையில் மணலை நிரப்பி, காலையும் மாலையும் நீர் ஊற்றி, மேலே ஈரக்கோணியோ கீற்றோ போர்த்திவிட்டால், நீர் ஆவியாகும்போது உள்ளே குளிர்கிறது. டெல்லி இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகம் 1980-களில் வடிவமைத்த இந்த அறை வறண்ட காற்றுள்ள ஊர்களில் வியக்கத்தக்க பயன் தருகிறது. நம் கடற்கரை ஈரத்தில், குறிப்பாக ஐப்பசி கார்த்திகையில், அதே பயனை எதிர்பார்த்தால் ஏமாறுவோம். பங்குனி முதல் ஆனி வரை பரீட்சித்துப் பார்க்கத் தடையில்லை.

பக்கத்தில் அண்ணாமலை நகரில் வேளாண் புலத்தோடு ஒரு சர்வகலாசாலை இருக்கிறது. தஞ்சாவூரில், ஈர நெல்லைக் காப்பாற்றும் ஆராய்ச்சியில் தொடங்கி இன்று தேசிய உணவுத் தொழில்நுட்ப நிறுவனமாக வளர்ந்த நிலையம் இருக்கிறது. நெல் வயலால் சூழப்பட்ட கீரப்பாளையம் போன்ற ஊர்களுக்குப் பழக்கிடங்கு வருமா என்பதை நான் கேட்கவில்லை. பண்ருட்டியிலும் கடலூர்ப் புறத்து வாழைத் தோப்புகளிலும் அறுவடைக் கூலிக்காரர்களுக்குக் கத்தி பிடிக்கவும் கூடை இறக்கவும் ஒரு நாள் பயிற்சியும், தோப்பு ஓரத்தில் வெயில் படாத ஒரு கொட்டகையும், சுத்தமான தண்ணீர்த் தொட்டியும் தந்துவிட்டுப் பிறகு குளிரறையைப் பற்றிப் பேசலாம் என்பதே அரசுக்கும் கூட்டுறவுச் சங்கங்களுக்கும் நான் வைக்கும் விண்ணப்பம். பறித்த முதல் மணி நேரத்தை இழந்த பழத்துக்கு, பின்னால் கோடி ரூபாய்க் கிடங்கு கட்டினாலும் அந்த மணி நேரம் திரும்பி வராது.

வாசகர்களுக்கும் ஒரு வேண்டுகோள். நான் அந்தக் கடையில் நின்ற அரை மணி நேரத்தில், பழம் வாங்க வந்தவர்களில் பெரும்பாலோர் ஒவ்வோர் ஆப்பிளையும் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்துவிட்டே திரும்ப வைத்தார்கள். நீலப் பூசணம் நுழைவதற்கு அந்த அழுத்தமே போதும். அடுத்த முறை கண்ணால் பாருங்கள், மோந்து பாருங்கள், அழுத்த வேண்டாம்.